கருப்பு பானெட்டில் நெருப்பு பிடிக்கவில்லையா? ஏர்பிரஷ் கோளாறுகள் ஒவ்வொன்றாக

சேலம் அம்மாபேட்டையில் மொட்டை மாடிக்கு ஏறும் படிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை, அதுதான் என் பட்டறை. பெரும்பாலும் 1:24, எப்போதாவது 1:18 அளவு மாடல் கார்களுக்கு நிஜ நெருப்பு மாதிரி ஃபிளேம் அடிக்கிறேன். வருகிற கோளாறுகள் புதிதாக எதுவும் இல்லை, அதே ஏழெட்டுதான் மாற்றி மாற்றி வருகின்றன. ஒவ்வொரு தடவையும் எதைத் தொட்டதும் சரியானது என்று நோட்டில் குறித்து வைத்திருந்தேன். அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். நான் அடிப்பது டாமியா அக்ரிலிக், கன் (ஏர்பிரஷ்ஷைத்தான் அப்படிச் சொல்கிறேன்) 0.3 மி.மீ. நாசில் வைத்த டபுள் ஆக்‌ஷன், அதாவது ட்ரிக்கரை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயிண்ட், கம்ப்ரசர் டேங்க் உள்ளது. உங்களுடையது வேறாக இருந்தால் அளவுகள் கொஞ்சம் மாறும், பார்க்கவேண்டிய வரிசை மாறாது.

## எதையும் கழற்றும் முன்: ஸ்பூன்

பிளாஸ்டிக் ஸ்பூன் ஒரு கட்டு வாங்கி, முதுகுப் பக்கம் கருப்பு அடித்துக் காயவைத்து டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பூனின் முதுகும் பானெட்டின் வளைவும் கிட்டத்தட்ட ஒன்றுதான். காரில் ஏதாவது கெட்டது போலத் தெரிந்தால் உடனே காரைத் தள்ளி வைத்துவிட்டு, அதே பெயிண்ட், அதே பிரஷரில் ஸ்பூனில் ஒரு கோடு இழுங்கள்.

ஸ்பூனிலும் அதே கோளாறு வந்தால் தப்பு கன்னில், பெயிண்டில் அல்லது காற்றில். ஸ்பூனில் அழகாக வந்து காரில் மட்டும் கெட்டால் தப்பு அடிப்பரப்பில் அல்லது லேயர் வரிசையில். இந்த ஒரு கோட்டைப் போட்டுப் பார்க்காமல் கன்னைக் கழற்ற ஆரம்பித்து ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன், அதனால்தான் இதை முதலில் வைக்கிறேன்.

## கோடு விட்டு விட்டு வருகிறது, அல்லது வரவே இல்லை

சேலத்து ஏப்ரல், மே வெயிலில் இது தினமும் வரும்.

முதலில் ஊசி முனை. மொபைல் கேமராவை ஜூம் செய்து பார்த்தால், முனையில் காய்ந்த பெயிண்ட் ஒரு சின்ன மணி போல ஒட்டிக்கொண்டிருக்கும், வெள்ளை அடிக்கும்போது பளிச்சென்று தெரியும். காது குடையும் பஞ்சுக் குச்சியைத் தின்னரில் நனைத்து, பின்னாலிருந்து முனைப் பக்கமாக ஒரே இழுப்பில் துடையுங்கள். முன்னாலிருந்து குத்தினால் ஊசி வளைந்துவிடும். அப்புறம் ட்ரிக்கரை முழுக்க இழுத்துப் பேப்பரில் ஒரு ஊது. பெரும்பாலும் இதோடு வேலை முடிந்துவிடும்.

இரண்டே நிமிடத்தில் திரும்ப வந்தால் பெயிண்ட் கெட்டி. கலரில் ஒரு பங்குக்கு தின்னர் இரண்டு பங்கு, வெள்ளையில் மூன்று பங்கு வரை போகிறேன். பதம் தெரிய, கலந்ததைக் கப்பின் சுவரில் குச்சியால் ஏற்றி விட்டுப் பாருங்கள். பால் வழிகிற மாதிரி மெல்லிய படலம் விட்டுக்கொண்டே இறங்கவேண்டும். தயிர் மாதிரி நின்றால் இன்னும் தின்னர் வேண்டும், பச்சைத் தண்ணீர் மாதிரி ஓடிவிட்டால் தின்னர் கூடிவிட்டது. பதம் சரி, ஆனாலும் முனை காய்கிறது என்றால் அக்ரிலிக் ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) இருபது சொட்டுக்கு ஒரு சொட்டு சேருங்கள், அதற்கு மேல் ஊற்றினால் பெயிண்ட் மணிக்கணக்கில் காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். வெயில் காலத்தில் நான் காலை எட்டு மணிக்கு முன்னால் அடித்து முடித்துவிடுகிறேன்.

அதிலும் போகவில்லையா, அப்போதுதான் நாசிலைக் கழற்றவேண்டும். நாசிலை மட்டும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் பத்து நிமிடம் ஊறப்போட்டு, பல் இடுக்குக்கு விற்கும் மெல்லிய பிரஷ்ஷால் பின்பக்கமாகச் சுத்தம் செய்யுங்கள். தையல் ஊசியை விட்டுக் குத்தவே கூடாது. முழு கன்னையும் தின்னரில் முக்கி வைக்காதீர்கள், உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் ஊதிவிடும்.

### கோடு ஒரு பக்கமாகவே சாய்கிறது

ஊசி முனை வளைந்திருக்கும். கட்டை விரல் நகத்தின் மேல் ஊசியைப் படுக்கவைத்து மெதுவாகச் சுழற்றிக்கொண்டே பின்னால் இழுங்கள், நகத்தில் கீறல் போல மாட்டினால் வளைவு உறுதி. லேசான வளைவு என்றால் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து உருட்டி நிமிர்த்தலாம், கொக்கி மாதிரி மடங்கிவிட்டால் புது ஊசிதான். புது ஊசி போட்டும் சாய்ந்தால் நாசில் வாய் விரிந்திருக்கிறது, லென்ஸ் வைத்துப் பார்த்தால் விளிம்பில் மயிரிழை வெடிப்பு தெரியும். அதை ஒட்டவோ நிமிர்த்தவோ முடியாது, மாற்றத்தான் வேண்டும். வாங்கும்போது ஊசியும் நாசிலும் ஒரே கம்பெனி, ஒரே அளவாக இருக்கட்டும்.

### நாசில் மரை முறிந்து உள்ளே மாட்டிக்கொண்டது

இங்கே கையை எடுத்துவிடுங்கள். சின்ன நாசிலை ஸ்பானரால் கொஞ்சம் கூடுதலாக முறுக்கினாலே மரை அறுந்து பாடிக்குள் தங்கிவிடும். நான் பிளையர் போட்டு நோண்டி ஒரு கன்னையே வீணாக்கினேன். அடுத்த தடவை நடந்தபோது செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் எடுத்துப் போனேன், நுனி தட்டையாகத் தேய்த்த ஒரு கம்பியை உள்ளே விட்டு, லேசாக அழுத்தி இடப்பக்கம் திருப்பி, டீ வருவதற்குள் எடுத்துக் கொடுத்துவிட்டார். நுணுக்கக் கை உள்ளவர்கள், வாட்ச் ரிப்பேர்காரரோ வெள்ளிப் பட்டறைக்காரரோ, அவர்களிடம்தான் கொடுக்கவேண்டும்.

## கப்பில் குமிழ் குமிழாக வருகிறது

காற்று பின்பக்கமாகக் கப்புக்கு ஏறுகிறது. முன் மூடி தளர்ந்திருக்கிறதா பாருங்கள், கையால் இறுக்குங்கள். நிற்கவில்லையா, நாசில் சரியாக உட்காரவில்லை. கழற்றி, மரையில் தேன்மெழுகு ஒரு துளி தடவி, விரல் நுனி பலத்தில் மட்டும் திருகுங்கள். அப்போதும் குமிழ் வந்தால் நாசில் வெடித்திருக்கிறது, மேலே சொன்ன மாதிரி மாற்றிவிடுங்கள்.

## நடுவில் தண்ணீர்த் துளி விழுகிறது

பாதி நெருப்பு அடித்திருப்போம், திடீரென்று டப் என்று ஒரு துளி, சுற்றிலும் வெள்ளை வளையம். கம்ப்ரசரில் அழுத்தப்படும் காற்று சூடாகி, ஹோஸில் குளிரும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகிறது. ஐப்பசி மழையில் இது கண்டிப்பாக வரும்.

டேங்கின் அடியில் இருக்கும் டிரெய்ன் திருகைத் திறந்து விடுங்கள், பல பேர் வாங்கிய நாளிலிருந்து அதைத் திறந்தே இருக்கமாட்டார்கள், துருத் தண்ணீர் கொட்டும். ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் திறக்கவேண்டும். அடுத்து ரெகுலேட்டரில் உள்ள மாய்ஸ்சர் டிராப் (காற்றின் ஈரத்தைப் பிடித்து வைக்கும் கிண்ணம்) நிரம்பியிருக்கிறதா பாருங்கள். அதுவும் காலியென்றால் கன்னுக்குக் கீழே மாட்டும் சின்ன டிராப் ஒன்று வாங்கிப் போடுங்கள், பெரிய செலவில்லை.

துளி ஏற்கெனவே விழுந்துவிட்டதா, துடைக்காதீர்கள். பேப்பர் நுனியால் தொட்டு உறிஞ்சி எடுத்துவிட்டு முழுக்கக் காயவிடுங்கள். அந்த இடத்தில் அடுத்த சுற்றில் ஒரு நெருப்பு நாக்கை ஏற்றினால் மறைந்துவிடும். நெருப்பில் இருக்கிற வசதி இது, எந்த இடத்திலும் இன்னொரு நாக்கு வரலாம்.

பிரஷரே ஏறவில்லை, மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால் முதலில் ஜாயின்ட்களில் சோப்பு நுரை தடவிக் கசிவு பாருங்கள். கசிவு இல்லையென்றால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கலாம். ஃபிரிட்ஜ், ஏசி மெக்கானிக்கிடம் கொடுங்கள். சேஃப்டி வால்வையும் பிரஷர் சுவிட்சையும் நீங்களே பிரிக்காதீர்கள்.

## கோட்டிலிருந்து சிலந்திக்கால் ஓடுகிறது

பெயிண்ட் கோட்டை விட்டு மெல்லிய கிளைகளாகப் பிரிந்து ஓடுவதைத்தான் சிலந்திக்கால் என்கிறேன். பெரும்பாலும் மூன்று காரணம்: பெயிண்ட் நீர்த்துவிட்டது, பிரஷர் கூடிவிட்டது, அல்லது கிட்டே வைத்துக்கொண்டு ட்ரிக்கரை அதிகம் இழுத்துவிட்டீர்கள். முதலில் ட்ரிக்கரைக் குறைத்துப் பாருங்கள், பிறகு பிரஷர். மெல்லிய நாக்குக்கு நான் 12 முதல் 15 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வைக்கிறேன், அடிப்பூச்சான பேஸ் கோட்டுக்கு 20. இந்த எண்ணைக் காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்கவேண்டும், ட்ரிக்கரை விட்டுவிட்டுப் பார்த்தால் மீட்டர் கூடுதலாகக் காட்டும். கடைசியாகத்தான் பெயிண்டைக் கெட்டியாக்க வேண்டும்.

பளபளப்பான கருப்பின் மேல் நேராக அடித்தாலும் சிலந்திக்கால் எளிதில் ஓடும். 2000 நம்பர் வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து மேலாக ஒரு தடவு தடவினால் பிடிமானம் வந்துவிடும். ஸ்பூனில் ஓடாமல் காரில் மட்டும் ஓடுகிறதென்றால் காரணம் இதுதான், அல்லது விரல் எண்ணெய்.

## எல்லாம் சரியாக வருகிறது, ஆனால் நெருப்பாகத் தெரியவில்லை

என் நோட்டில் பாதிப் பக்கங்கள் இதற்குத்தான் போயிருக்கின்றன. கன்னைக் குறை சொல்ல முடியாத கோளாறு இது.

### நாற்று நட்ட மாதிரி, அல்லது நூடுல்ஸ் மாதிரி இருக்கிறது

நாக்குகள் எல்லாம் ஒரே அகலம், ஒரே இடைவெளி, இரண்டு ஓரமும் ஒரே மாதிரி மங்கல். இப்படி இருந்தால் எத்தனை கலர் ஏற்றினாலும் நெருப்பு வராது.

கார்த்திகைக்குக் கோயில் வாசலில் சொக்கப்பனை கொளுத்தும்போது மொபைலில் ஷட்டர் வேகத்தைக் கூட்டி எடுத்த படங்களை நான் அறையில் ஒட்டி வைத்திருக்கிறேன். அதில் ஒரு நாக்கை மட்டும் பார்த்தால், ஒரு ஓரம் பிளேடால் வெட்டின மாதிரி கூர்மை, மறு ஓரம் புகையாகக் கரைகிறது. இரண்டு நாக்கு நடுவே முழுக் கருப்பு. ஆங்காங்கே நாக்கு தன்னையே சுற்றிக்கொண்டு ஒரு கண் மாதிரி ஓட்டை விடுகிறது. அந்தக் கருப்புகளை விட்டு வைப்பதுதான் பாதி வேலை.

கூர்மையான ஓரத்துக்குப் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, பிளேடால் வளைவு வளைவாக வெட்டி ஸ்டென்சில் செய்யுங்கள். அதைப் பரப்பில் அழுத்தி ஒட்டக்கூடாது, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூக்கிப் பிடிக்கவேண்டும். கன்னின் முனை பாதி ஃபிலிம் மேலும் பாதி பரப்பின் மேலும் இருக்கிற மாதிரி ஓரத்தை ஒட்டியே மணிக்கட்டைத் திருப்பி ஓட்டுங்கள். கை நகர ஆரம்பித்த பிறகு பெயிண்டைத் திறக்கவேண்டும், நிற்பதற்கு முன்னால் மூடவேண்டும். அப்போதுதான் நுனி எலி வால் மாதிரி ஒடுங்கும். ஒரு நாக்கு முடிந்ததும் ஃபிலிமைத் திருப்பி வேறு வளைவை எடுங்கள், ஒரே வளைவை அடுத்தடுத்து மூன்று தடவை வைத்தால் கண் கண்டுபிடித்துவிடும்.

திசையையும் பாருங்கள். கார் ஓடும்போது காற்று பின்னால் தள்ளுகிறது, அதனால் நெருப்பு கிரில்லிலும் முன் சக்கர வளைவிலும் கனமாகப் பிறந்து கதவை நோக்கிப் படுத்து ஓடவேண்டும். அடுப்பு நெருப்பு மாதிரி நேராக மேலே எழுந்தால் கார் நின்றுகொண்டே எரிகிற மாதிரி ஆகிவிடும்.

### நீலமான வெண்புகை தெரிகிறது

கருப்பின் மேல் வெள்ளை மெல்லிசாகப் படிந்தால் நீலம் தட்டும், அது இயல்பு. பயப்படவேண்டாம், டிரான்ஸ்பரன்ட் ஆரஞ்சு (அடியில் உள்ளது தெரியும் கலர், பாட்டிலில் கிளியர் என்று இருக்கும்) ஏறியதும் மறையும். மறையாத அளவுக்குப் புகை பரவியிருந்தால் தூரம் அதிகம், 2 செ.மீ.க்குள் கிட்டே வாருங்கள். ஏற்கெனவே பரவிய புகையை நீர்த்த கருப்பால் நாக்குகளுக்கு நடுவே மட்டும் அடித்துத் திரும்ப வெட்டி எடுங்கள்.

### மஞ்சள் பச்சையாகத் தெரிகிறது

மஞ்சள் நேராகக் கருப்பில் விழுந்திருக்கிறது. மஞ்சளுக்கு அடியில் எப்போதும் வெள்ளையோ ஆரஞ்சோ இருக்கவேண்டும். அந்த இடத்தில் கிளியர் ஆரஞ்சு மெல்லிசாக ஒரு சுற்று விட்டால் பெரும்பாலும் திரும்பிவிடும்.

### சிவப்பு ரோஸாகிவிட்டது, அல்லது எல்லாம் சேறாகிவிட்டது

ரோஸ் என்றால் வெள்ளையின் மேல் கிளியர் சிவப்பு போதவில்லை, அல்லது நேராகச் சிவப்பை ஏற்றியிருக்கிறீர்கள். வெள்ளையில் ஒரு சொட்டு மஞ்சள் கலந்து ஆரம்பித்தால் இந்தத் தொல்லை குறையும். சேறு என்றால் டிரான்ஸ்பரன்ட் போடவேண்டிய இடத்தில் சாதா ஆரஞ்சு, சாதா சிவப்பு போட்டிருக்கிறீர்கள், அது அடியில் உள்ளதை மூடிவிடும். பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், டாமியாவில் கிளியர் மஞ்சள் எக்ஸ்-24, கிளியர் ஆரஞ்சு எக்ஸ்-26, கிளியர் சிவப்பு எக்ஸ்-27.

நான் போகும் வரிசை இது. வெள்ளை நாக்குகள், அடர்த்தி இல்லாமல். அவற்றின் மேல் முழுக்க கிளியர் சிவப்பு, அது ஆழத்துக்குப் போய்விடும். காய்ந்ததும் புதிதாக வெள்ளை நாக்குகள், முன்னதை விடக் குறைவாக, வேறு இடத்தில். அதன் மேல் கிளியர் ஆரஞ்சு. கடைசியாக நாக்குகள் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில் மட்டும் நாலைந்து வெள்ளை, அதன் மேல் கிளியர் மஞ்சள் பட்டும் படாமல். ஒவ்வொரு சுற்றுக்கும் முந்தையது ஒரு படி உள்ளே போகிறது, அந்த ஆழம்தான் நெருப்பு. சுற்றுகளுக்கு நடுவே ஹேர் டிரையரைத் தூரத்தில் பிடித்துக் காட்டலாம், கிட்டே போனால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும்.

மூன்றாவது சுற்றிலும் திருப்தி வரவில்லை என்றால் நாலாவது போடாதீர்கள். பெயிண்ட் தடித்து கதவுக் கோடுகளே மூடிப்போகும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து உரித்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள். என்.சி. தின்னரை (நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டுக்கான காட்டமான தின்னர்) பிளாஸ்டிக் பாடியில் ஊற்றாதீர்கள், பாடி கரைந்துவிடும்.

## டேப்போடு பெயிண்டும் வந்துவிடுகிறது

அடியில் பிரைமர் இல்லை, அல்லது பேஸ் காயவில்லை. மோந்து பாருங்கள், பெயிண்ட் வாசனை வந்தால் இன்னும் காயவில்லை. டேப்பை முதலில் உள்ளங்கையில் ஒருமுறை ஒட்டி எடுத்துப் பசையைக் குறைத்துக்கொள்ளுங்கள், உரிக்கும்போது மேலே தூக்காமல் பின்னோக்கி மடித்து உரியுங்கள்.

## கருப்பு வெளுத்துச் சாம்பல் பூத்திருக்கிறது

சேலத்தில் இருக்கும்வரை இது எனக்குத் தெரியாத நோய். ஒரு டிசம்பரில் ஏற்காட்டில் அக்கா வீட்டுக்குக் கம்ப்ரசரையும் தூக்கிக்கொண்டு போனேன். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி 1,500 மீட்டர் உயரத்துக்குப் போனால் காற்றே வேறு. காலையில் ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் மரம்கூடத் தெரியாத பனி, அந்த நேரத்தில் பேஸுக்கு லாக்கர் கருப்பு (அக்ரிலிக் இல்லை, சட்டென்று காயும் வேறு வகைப் பெயிண்ட்) அடித்தேன். கண்ணுக்கு முன்னாலேயே பானெட் முழுக்க விபூதி பூசின மாதிரி வெளுத்தது. தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன் மேல் படிந்து உள்ளே மாட்டிக்கொள்கிறது.

லேசான வெளுப்பு என்றால் ஈரம் குறைந்த நேரத்துக்குக் காத்திருந்து, லாக்கர் தின்னரில் ரிடார்டர் கலந்து அதை மட்டும் மெல்லிய தூறலாக அடியுங்கள், மேல் படலம் இளகி ஈரம் வெளியேறிவிடும். நெருப்பு ஏற்றிய பாடியில் இதைச் செய்யக்கூடாது, வெறும் பேஸுக்கு மட்டும். பலமான வெளுப்பு என்றால் 1500 நம்பர் வாட்டர் பேப்பரில் தேய்த்துவிட்டுத் திரும்ப அடிப்பதுதான். சின்ன ஈரமானி ஒன்று அறையில் இருக்கட்டும், 70 சதவீதத்துக்கு மேல் காட்டினால் நான் லாக்கரைத் தொடுவதில்லை. மலையில் பேஸ் அடிக்க மதியம் பன்னிரண்டிலிருந்து மூன்று வரைதான் என் நேரம். ஜன்னலை மூடிக்கொண்டு அடிக்கலாம் என்று நினைக்காதீர்கள், அறையில் ஹீட்டரோ விளக்கோ எரிந்தால் தின்னர் ஆவி தீப்பிடிக்கும்.

## கிளியர் அடித்ததும் கெட்டது

இங்கே கிளியர் என்பது எல்லாவற்றுக்கும் மேலே கடைசியாக அடிக்கும் நிறமில்லாத பூச்சு. சிவப்பு ஓரங்கள் கரைந்து பரவுகிறதா, சுருக்கம் விழுகிறதா, இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: முதல் பூச்சையே ஈரமாகப் போட்டுவிட்டீர்கள், அல்லது அடியில் காயவில்லை. நெருப்பு முடிந்து இரண்டு நாளாவது விடுங்கள். முதல் இரண்டு கோட் தூரத்திலிருந்து வெறும் தூறல், பதினைந்து நிமிட இடைவெளியில், மூன்றாவதில்தான் கொஞ்சம் ஈரம். ஆரஞ்சுத் தோல் மாதிரி மேடு பள்ளம் வந்தால் அது ஆபத்தில்லை, ஒரு வாரம் கழித்து 2000 நம்பரில் நனைத்துத் தேய்த்து பாலிஷ் போட்டால் போய்விடும். சுருக்கம் விழுந்ததைக் காப்பாற்ற முடியாது, அந்தப் பகுதியை உரிக்கத்தான் வேண்டும்.

நிஜக் கார் மாதிரி கண்ணாடிப் பளபளப்பு வேண்டுமென்றால் ஹார்டனர் கலக்கும் டூகே கிளியர்தான் வேண்டும், அதை வீட்டில் அடிக்காதீர்கள். ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, நுரையீரலைக் கெடுக்கும், துணி மாஸ்க்கெல்லாம் அதற்குப் போதவே போதாது. பூத் வைத்திருக்கும் கார் பெயிண்டிங் ஷெட்டில் கொடுங்கள். சக்கரம், கண்ணாடியெல்லாம் கழற்றி, பாடியை ஒரு பாட்டில் மேல் டேப்பால் நிறுத்தி எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் என்பதையும், அடியில் அக்ரிலிக் என்பதையும், முதல் கோட் தூறல்தான் வேண்டும் என்பதையும் பெயிண்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அவர்கள் பம்பருக்கு அடிக்கிற வேகத்தில் ஒரே வீச்சில் போட்டுவிடுவார்கள். காரோடு ஒரு ஸ்பூனையும் கொண்டுபோங்கள், அதே கருப்பு, அதே சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் வரிசையில் ஏற்றியது. அவர் கலக்கிய கிளியர் முதலில் அந்த ஸ்பூனில் விழட்டும், பத்து நிமிடம் நின்று பாருங்கள், ஓரம் கரையாமல் இருந்தால் மட்டும் காரைக் கையில் கொடுங்கள்.